காப்புக் கட்டியவனுக்குக் காய்ச்சல் இல்லை

பதுளை
17.02.2025

மதிப்புக்குரிய இராமையா அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை அதிபரின் அறையில் நீங்கள் மேசையில் அடித்த அடியில் என் தேநீர்க் கோப்பை கவிழ்ந்து புத்தகமெல்லாம் நனைந்தது. அதைப் பற்றி எழுத இந்தக் கடிதம் இல்லை. போனில் பேசினால் எனக்கு வாய் மிஞ்சும், எதுவானாலும் எழுதி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அதனால் எழுதுகிறேன். தோட்ட ஆபீசுக்கு அனுப்பினால் உங்கள் கைக்கு வர நாளாகும் என்று ரமேஸ் முன்பு சொல்லியிருக்கிறான். ஆகவே லுணுகலையில் கந்தப்பன் கடைக்கே அனுப்புகிறேன்.

அன்று நீங்கள் என்னைப் பேசவே விடவில்லை. நான் ரமேஸின் வகுப்பாசிரியை. கணிதம் படிப்பிப்பதோடு மாணவர் நலனும் என் பொறுப்பு. விடுதியில் ஒரு மாதமாக உங்கள் மகன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இடைவேளைக்கு வெளியே வருவதில்லை. போன வருடம் உங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் அவன் சேலை கட்டி, பூ வைத்து, ரதியாக ஆடியதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். வகுப்பில் மதுரன் என்றொரு பையன் அதைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் காட்டினான். அன்றிலிருந்து மதுரன் வாயில் அவனுக்கு ரமேஸ் என்ற பெயரே கிடையாது. ரதி என்றுதான் கூப்பிடுகிறான். கதிரையிலும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறான்.

மதுரனைக் கண்டித்தேன். அவனுடைய தகப்பன் இங்கே டொக்டர். அவரையும் வரவழைத்தேன். "பகிடிதானே டீச்சர், ஆம்பிளைப் பிள்ளையள் எண்டால் இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சரி, கேலிக்குக் காரணமே இல்லாமல் செய்துவிடலாம் என்று நினைத்தேன். இந்த முறை வேஷம் கட்டாமல் விடலாமா என்று ரமேஸிடம் கேட்டேன். தலையாட்டினான். அடுத்த நாள் வகுப்பில், ரமேஸ் இனி அந்த வேஷம் போடமாட்டான், இந்தக் கதை இத்தோடு முடிந்தது, இனி யாரும் வாய் திறக்கக்கூடாது என்று சொன்னேன். அதற்குத்தான் நீங்கள் வந்து சண்டை போட்டு அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போனீர்கள்.

தயவுசெய்து அவனைத் திருப்பி அனுப்புங்கள். அந்த வேஷத்தை வேறு யாருக்காவது கொடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

இப்படிக்கு,
சிவரூபி

*

மேல் டிவிசன், லுணுகலை
20.02.2025

டீச்சரம்மாவுக்கு இராமையா எழுதிக்கொள்வது.

கோப்பை கவிழ்ந்ததற்கு வருந்துகிறேன். மற்றது எதற்கும் வருந்தவில்லை.

நான் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் உப அதிபர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நீங்கள் பார்த்தீர்களோ என்னவோ, என் மகன் பார்த்தான். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

"சேலை கட்டி ஆடினான்" என்று எழுதியிருக்கிறீர்கள். டீச்சரம்மா யாழ்ப்பாணம். இது உங்களுக்குத் தெரியாதது குற்றமில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தவத்தைக் கலைத்தான் என்று மன்மதனைச் சிவன் எரித்துவிடுகிறார். அவன் பொஞ்சாதி ரதி அழுது, சண்டை போட்டு, புருசன் உசிரைத் திரும்ப வாங்குகிறாள். மாசி அமாவாசை கழிந்து காமன் கம்பம் நட்டால் பௌர்ணமிக்கு எரிக்கிறவரை எங்கள் தோட்டத்துக்கு இதுதான் பேச்சு. கூத்துக்கு நான்தான் மாஸ்டர். அதற்காக ரதி வேஷத்தை இஷ்டப்பட்டவனுக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு உரிமை கிடையாது. நேர்த்தி வைத்தவன்தான் கட்டலாம்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால் நாங்கள் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தபோது ரமேஸ் எங்கள் காம்பிராவுக்குள், அந்த ஒற்றை அறைக்குள், தூங்கிக்கொண்டிருந்தான். சுவர் அவன் மேல் விழுந்தது. மண்வெட்டி போட்டால் அவன் மேலே பட்டுவிடும் என்று கையாலேயே தோண்டினோம். அவன் அம்மா இராக்கம்மா அந்தச் சேற்றில் உட்கார்ந்து, பிள்ளை உசிரோடு வந்தால் மூன்று மாசிக்கு ரதி கட்டுவான் என்று நேர்ந்தாள். வந்தான். போன வருசம் ஒன்று முடிந்தது. இது ரெண்டாவது. இதைத்தான் நீங்கள் வகுப்பில் நின்று, இனி இல்லை என்று சொல்லி முடித்திருக்கிறீர்கள்.

வருகிற ரெண்டாம் தேதி காப்புக் கட்டுகிறோம். காப்புக் கட்டியவன் காமன் எரிகிறவரை தோட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. மார்ச் நடுவில் அனுப்புகிறேன்.

இராமையா

*

பதுளை
24.02.2025

இராமையா அவர்களுக்கு,

மண் சரிந்த கதை எனக்குத் தெரியாது. ரமேஸ் ஒரு சொல் சொன்னதில்லை. உங்கள் கடிதத்தை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன்.

உப அதிபர் சிரித்ததையும் பார்த்தேன். அப்போதே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

ஆனால் ஒன்றை நீங்களும் விளங்கிக்கொள்ள வேண்டும். தக்க காரணம் இல்லாமல் இரண்டு கிழமைக்கு மேல் வராத பிள்ளையின் விடுதி இடம் அடுத்தவருக்குப் போய்விடும். காத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். அந்த ஒரு கட்டிலை ரமேஸுக்கு வாங்க நான் எத்தனை பேரின் அறை வாசலில் நின்றேன் என்று உங்களுக்குத் தெரியாது. விடுதி இல்லாவிட்டால் அவன் உங்கள் டிவிசனிலிருந்து தினமும் வந்து போக ஏலாது. படிப்பு அத்தோடு நிற்கும். பத்தாம் வகுப்பில் கணிதத்தில் அவனைப் போல ஒருவன் எனக்குக் கிடைத்து நாளாகிவிட்டது.

ஒரு வழி இருக்கிறது. காய்ச்சல் என்று ஒரு மருத்துவக் கடிதம் வாங்கி அனுப்புங்கள். லுணுகலையில் யாராவது எழுதித் தருவார்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். நேர்ந்தது நீங்கள். கேலி வாங்குகிறவன் அவன். கட்ட விருப்பமா என்று அவனை ஒரு தடவையாவது கேட்டீர்களா?

சிவரூபி

*

மேல் டிவிசன்
27.02.2025

டீச்சரம்மாவுக்கு,

கேட்டேன். நேற்று அந்திக்கு, ஒத்திகையில், எல்லோரும் நிற்கும்போது கேட்டேன். "வெக்கமா இருக்காடா? இருந்தா வாயத் தொறந்து சொல்லு" என்றேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரெண்டாந்தரமும் கேட்டேன். பேச்சில்லை. தப்பு அடிக்கிறவர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. சேலையையும் வளையலையும் தூக்கி என் அண்ணன் மகன் கையில் கொடுத்துவிட்டேன். சாமிக்குத் தண்டம் கட்டி நேர்த்தியைத் தீர்த்துக்கொள்கிறேன் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். இராக்கம்மா அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சோற்றைப் போட்டுவிட்டு வெளியே போய் நிற்கிறாள்.

உங்கள் ஆசைப்படியே ஆகிவிட்டது. இப்போது உங்கள் ஸ்கூலில் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். உப அதிபருக்கும் வாய் பொத்துகிற வேலை மிச்சம். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவனை ஏற்றிவிடுகிறேன், கட்டிலைப் பத்திரமாக வைத்திருங்கள். காய்ச்சல் கடிதம் தேவைப்படாது. தேவைப்பட்டாலும் நான் வாங்கமாட்டேன்.

இராமையா

*

ஹாலிஎல
02.03.2025, ஞாயிறு காலை

இராமையா அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை ரமேஸின் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. அவன் வாசிக்கட்டும். அவனுக்குத் தெரியாமல் அவனைப் பற்றி நாங்கள் இருவரும் எழுதியது போதும்.

நேற்று இராக்கம்மா அக்கா போனில் அழுதார். முதல்நாள் கடைக்கென்று போனவன் இரவும் வரவில்லை, பதுளையிலா நிற்கிறான் என்று அவர் கேட்கிறார். இங்கே அவன் இல்லை. பொலிசுக்குப் போக நான் செருப்பைப் போடுகிற நேரத்தில்தான் ஸரூக்கின் உம்மா ஸவாஹிரா அழைத்தார். ஸரூக் ரமேஸின் பக்கத்துக் கதிரை. ரமேஸ் நனைந்துகொண்டு ஹாலிஎலயில் இவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான். வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்று சொன்னதால் அவர்களும் முதலில் நம்பிவிட்டார்கள், சந்தேகம் வந்த பிறகுதான் எனக்கு எடுத்திருக்கிறார். ரமேஸ் கூத்துக்கு விரதம் என்று ஸரூக் சொல்ல, வீட்டில் சமைத்த இறைச்சியை ஒதுக்கிவைத்துவிட்டு அவனுக்குத் தனியாகப் பருப்பும் கீரையும் சமைத்துக் கொடுத்திருக்கிறார்.

அக்காவுக்கு உடனே போனில் சொல்லிவிட்டு, நான் வந்து அவனிடம் கேட்டேன். சொன்னான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"டீச்சர், கேலி பண்ணுனது மதுரன்தான். மத்தவங்க சிரிச்சிட்டு விட்டுருவாங்க. ஸரூக் என்னைய அந்தப் பாட்டப் பாடச் சொல்லிக் கேப்பான். நீங்க கிளாஸ்ல எந்திரிச்சு, இனிமே போடமாட்டான்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கப்புறம் அவனும் கேக்கிறத விட்டுட்டான். டீச்சரே மறைக்கச் சொல்றாங்கன்னா அசிங்கம்தான்னு எல்லாரும் நெனச்சிட்டாங்க."

ஏன் அப்போது தலையாட்டினாய் என்று கேட்டேன். "நீங்க டீச்சர்" என்றான்.

உங்களிடம் ஏன் வாய் திறக்கவில்லை என்றும் கேட்டேன். "எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. வாயத் தொறந்தா அழுகை வந்துரும். அழுதா, ஆமா வெக்கம்தான்னு அப்பா நெனப்பாரு. அதான்."

அதற்குப் பிறகு அவன் சொன்னதை எழுத எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எனக்கு ரதி கட்டப் புடிக்கும் டீச்சர். நேத்திக்காக இல்ல. மண்ணு விழுந்தப்ப நான் அழுவல. ஆஸ்பத்திரியிலயும் அழுவல. பொட்டல்ல நின்னு பாடுறப்பதான் அழ முடியுது. அது முடிஞ்சா ரொம்ப நாளைக்கு நல்லா இருக்கும்."

மாணவர் நலனுக்குப் பொறுப்பான டீச்சர் நான். அவனுக்கு நல்லது செய்கிற ஒரே விஷயத்தைத்தான் அவனிடமிருந்து பிடுங்கினேன். கேட்டீர்களா என்று உங்களுக்கு எழுதினேனே, நானும் கேட்கவில்லை. தலையாட்ட வைத்தேன், அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்று மாலை காப்பு. அவன் வந்து சேர்ந்துவிடுவான். ஸரூக் லுணுகலை வரை கூட வருகிறான். கட்டில் போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. ஆனாலும் அவனைப் பிடித்துவைக்க மனம் இல்லை.

சிவரூபி

*

மேல் டிவிசன்
05.03.2025

டீச்சரம்மாவுக்கு,

காப்புக் கட்டியாகிவிட்டது. ரமேஸ்தான்.

அவன் வந்து சேர்ந்தபோது எல்லோரும் பொட்டலில் கூடியிருந்தோம். கடிதத்தை என்னிடம் நீட்டிவிட்டுத் தள்ளி நின்றான். நின்ற இடத்திலேயே வாசித்தேன். முடித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். என் அண்ணன் மகன்தான் வளையலைக் கழற்றினான். "சித்தப்பா, தாடிய எடுக்கச் சொன்னதிலேர்ந்து எனக்கு இதுல இஷ்டமே இல்ல. இந்தா, ஆள் வந்தாச்சு" என்று ரமேஸிடம் கொடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். ரமேஸும் சிரித்தான். நான் அவனிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அப்பன் மகனிடம் அப்படிக் கேட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. சேலை மடிப்பை நானே பிடித்துக் கட்டிவிட்டேன். வழக்கமாக அது அவன் அம்மா செய்கிற வேலை.

ஒன்று கேட்கிறேன். காய்ச்சல் என்று எழுதிவிடாதீர்கள். நீங்கள் நல்லதற்குத்தான் செய்வீர்கள், தெரியும். என் மகனுக்குக் காய்ச்சல் இல்லை டீச்சரம்மா, காப்புக் கட்டியிருக்கிறது. அதையே எழுதுங்கள். கட்டில் போகும் என்றால் போகட்டும். இதைச் சொல்வது எனக்கு லேசு, அதற்காக நடந்தவர் நீங்கள் என்பதும் தெரியும். இராக்கம்மா கேட்டால் என்னைக் கொன்றுவிடுவாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

இராமையா

*

பதுளை
10.03.2025

இராமையா அண்ணனுக்கு,

எழுதிக் கொடுத்தேன். "காமன் கூத்தில் ரதி வேடம் ஏற்றுக் காப்புக் கட்டியுள்ளார். பதினான்காம் திகதிவரை தோட்ட எல்லையைத் தாண்ட முடியாது." கீழே என் பெயரையும் போட்டேன். உப அதிபர் வாசித்துவிட்டு, "இதென்ன காரணம் மிஸ், ஒரு காய்ச்சல் எண்டு போட்டிருக்கலாமே" என்றார். அவர் சிரிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த முறை சிரிக்கவில்லை. கோப்பில் வைத்துவிட்டார்.

விடுதிக் குழு இன்று கூடியது. சமயக் காரணம், இதை ஏற்க வேண்டும் என்று முடிந்தவரை வாதாடினேன். சரி வரவில்லை. கட்டில் போய்விட்டது. பூனாகலையிலிருந்து வருகிற ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார்கள். தாய் வெளிநாட்டில், பார்க்க ஆளில்லாத பிள்ளை. அந்தப் பிள்ளையின் மேல் கோபப்படவும் என்னால் முடியவில்லை. அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். காய்ச்சல் என்று எழுதியிருந்தால் இன்றைக்கு அது அவனுடைய கட்டில். உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

வகுப்பிலும் பேசினேன். நான் முன்பு சொன்னது பிழை, ரமேஸ் வேஷம் கட்டியிருக்கிறான், வருகிற போயாவுக்கு, பௌர்ணமியன்று, ஆடுகிறான் என்றேன். மதுரன் மட்டும், "ஏன் டீச்சர் கட்டுறான்?" என்று கேட்டான். அவனிடமே கேள் என்று சொல்லிவிட்டுக் கணிதத்தைத் தொடங்கினேன்.

போயாவுக்கு நான் வருகிறேன். ஸரூக்கும் வருகிறான். எங்களுக்கு நிற்க ஒரு இடம் பார்த்து வையுங்கள்.

சிவரூபி

*

மேல் டிவிசன்
15.03.2025

டீச்சரம்மாவுக்கு,

நீங்கள் விடிந்ததும் முதல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டீர்கள். ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயிருக்கலாம் என்று இராக்கம்மாவுக்கு மனத்தாங்கல். கட்டில் போனதை அவளிடம் சொல்லிவிட்டேன். கொல்லவில்லை. அடுப்படியில் போய் உட்கார்ந்து ரொம்ப நேரம் விறகை ஊதிக்கொண்டிருந்தாள், அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

நீங்கள் கூட்டத்தில் பின்னால் நின்றதால் முன்னால் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது. காமன் எரிந்து ரதி அழ ஆரம்பித்ததும் நான்தான் பாட்டின் முதல் அடியை எடுத்துக் கொடுக்க வேண்டும். இருபது வருசமாகக் கொடுக்கிறேன், ஒரு நாளும் விட்டதில்லை. அன்றைக்கு விட்டுவிட்டேன். அவன் எனக்காகக் காத்திருக்காமல் தானாகப் பாட ஆரம்பித்தான். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். மண்ணுக்குள்ளிருந்து அவனைத் தூக்கியபோது கண்ணை முழித்துப் பார்த்துக்கொண்டு சும்மா கிடந்த பிள்ளை அது. அன்றைக்கு அழாததையும் சேர்த்து அழுகிறான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. போன வருசமும் பக்கத்தில்தான் நின்றேன். பாட்டுச் சரியாக வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஸரூக்கின் உம்மா நேற்றுப் போன் எடுத்தார். கிழமை நாளில் ரமேஸ் ஹாலிஎலயில் அவர்கள் வீட்டில் தங்கட்டும், ஸரூக்கோடு சேர்ந்து போய் வரட்டும் என்கிறார். என்ன தர வேண்டும் என்று கேட்டேன். "ஸரூக்குக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கட்டும், அது போதும்" என்றார். எனக்கு ஒருவர் வீட்டில் பிள்ளையை விடக் கூச்சமாக இருக்கிறது. அவன் போகிறேன் என்கிறான். இந்த முறை ஒருவரும் இல்லாத இடத்தில் வைத்துக் கேட்டேன்.

அந்த மதுரன் பையன்தான் எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறான். லீவு முடிந்து ஸ்கூல் திறந்ததும் என்ன நடந்தது என்று எழுதுங்கள். மறைக்க வேண்டாம்.

இராமையா

*

பதுளை
03.04.2025

இராமையா அண்ணனுக்கு,

மறைக்கவில்லை, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பாடசாலை திறந்த அன்று ரமேஸும் ஸரூக்கும் ஹாலிஎலயிலிருந்து ஒன்றாக வந்தார்கள். ரமேஸ் விடுதிப் பக்கம் போய்த் தன் பழைய கட்டிலைப் பார்த்தான். அந்தச் சின்னப் பிள்ளை அதில் உட்கார்ந்து சப்பாத்து நாடா கட்டத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தது. ரமேஸ் குனிந்து கட்டிவிட்டுத் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு வந்தான். அந்தக் கட்டில் போனது நியாயமில்லை என்றுதான் இன்றும் சொல்வேன்.

வகுப்புக்கு வெளியே விறாந்தையில் மதுரன் தன் கூட்டாளிகளோடு நின்றான். நான் உள்ளே மேசையில் இருந்தேன், கதவு திறந்திருந்தது. ரமேஸைக் கண்டதும் மதுரன் எல்லோருக்கும் கேட்க, "ரதி வந்திட்டுதடா" என்றான். நான் எழுந்துவிட்டேன். வாய் வரை வந்துவிட்டது. ரமேஸ் என்ன செய்யப்போகிறான் என்று பார்ப்போம் என்று என்னைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரமேஸ் நின்றான். திரும்பி அவனுக்குக் கிட்டப் போனான். அடித்துவிடுவானோ என்று பயந்தேன். சாதாரணமாகத்தான் கேட்டான்.

"ஆமா, வந்துட்டேன். அடுத்த வருசமும் கட்டணும், அதோட நேத்தி முடியுது. போன்ல பாத்தா பாதிதான் தெரியும். நேர்ல வாறியா?"

கூட்டாளிகள் மதுரனின் முகத்தைப் பார்த்தார்கள். அவன் சுவரைப் பார்த்தான், தன் சப்பாத்தைப் பார்த்தான். மணி அடித்துவிட்டது. எல்லோரும் உள்ளே வரத் தொடங்கினார்கள். ரமேஸ் தன் கதிரைக்கு வந்து புத்தகத்தைத் திறந்துவிட்டான்.

மதுரன் கடைசியாக உள்ளே வந்தான். ரமேஸைத் தாண்டிப் போகும்போது குனிந்து, மெதுவாக, "லுணுகலைக்குப் பஸ் எத்தினை மணிக்கு?" என்று கேட்டான்.

சிவரூபி